துண்டு போட்ட சோபா

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. சங்கரன்கோவிலில் வேறு யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். குரலை உயர்த்தமாட்டார், நஷ்டஈடு கேட்கமாட்டார், பஞ்சாயத்து என்று யார் வீட்டு வாசலுக்கும் போகமாட்டார். இவ்வளவு தன்மையான மனுஷனை உங்களுக்கு ஏன் ஆகவில்லை என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். ஆகவில்லை, அவ்வளவுதான். அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னமும் ஆகவில்லை. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்றால், உயிரோடு இருந்தவர்களை அவர் வாயே திறக்காமல் செய்ததை நான் வாயைத் திறந்து செய்கிறேன். அதற்கு இது எவ்வளவோ மேல்.

பெயர் வேண்டாம். விசைத்தறிகள் வைத்திருந்ததால் ஊரில் தறிக்காரர் என்றால் தெரியும். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் துணியின் இழையை எண்ணிப் பார்க்கிற சின்ன மடக்குக் கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதுகூட அதை எடுத்துப் பக்கத்தில் இருப்பவரின் வேட்டி நுனியில் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார், லேசாகச் சிரிப்பார். அந்த வேட்டிக்காரருக்கு அதற்குப் பிறகு பாயசம் இறங்காது.

அவருடைய தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு கொடி கட்டியிருக்கும். தறி ஓட்டுகிறவர் யாராவது கவனக்குறைவாக மிஷின் ஆயிலைச் சேலையில் பட விட்டுவிட்டால் மற்ற முதலாளிகள் கூலியில் பிடிப்பார்கள், இரண்டு வார்த்தை ஏசுவார்கள், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். இவர் கூலியில் பிடிக்கமாட்டார். கறை பட்ட சேலையை அந்தக் கொடியில் போட்டுவிடுவார், கறை வெளியே தெரிகிற மாதிரி. யார் நெய்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஆள் காலையில் வரும்போதும் சாயங்காலம் போகும்போதும் அதற்குக் கீழே குனிந்துதான் போகவேண்டும். மாதக்கணக்கில் தொங்கும். யாராவது கேட்டால், "கெடக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லலியே" என்பார்.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அவர் வாழ்ந்து முடித்துவிட்டார். பஜாரில் ஒரு மளிகைக்கடைக்காரரின் லோடு ஆட்டோ இவருடைய ஸ்கூட்டரில் இடித்து மட்கார்டு நசுங்கியது. கடைக்காரர் அப்போதே டிங்கரிங் பண்ணித் தருகிறேன் என்று வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தார். இவர் விடவில்லை. மறுநாளிலிருந்து காலையில் அந்தக் கடைக்கு எதிரே, நசுங்கிய பக்கம் கல்லாவைப் பார்க்கிற மாதிரி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பேப்பர் வாசிப்பார். கடைசி வரைக்கும் அந்த மட்கார்டு நிமிரவே இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். மதினி, அதாவது அவர் மனைவி, ஒருமுறை இஸ்திரி போடும்போது அவருடைய நல்ல வேட்டி ஒன்றைப் பொசுக்கிவிட்டார். பழுப்பாக இஸ்திரிப்பெட்டியின் மூக்கு அச்சு விழுந்துவிட்டது. சொந்தத் தறி இருக்கிற ஆளுக்கு வேட்டிக்கா பஞ்சம்? விசேஷ வீடு என்றால் அந்த வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு வருவார். அச்சு முன்பக்கம் வருகிற மாதிரி. "மதினி கைவேலையா அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டால், "கண்ணு சரியா தெரிய மாட்டேங்குது அவளுக்கு, பாவம்" என்பார். பக்கத்தில் மதினி நின்றுகொண்டிருப்பார். தலையைக் குனிந்து முந்தானையைச் சரிசெய்வார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் தம்பி போய் மாட்டினான்.

தம்பி பெயிண்டர். கை சுத்தம் என்று அவனுக்கு அப்போது ஊரில் நல்ல பெயர். எனக்குத் திருவேங்கடம் ரோட்டில் குஷன் கடை. பைக் சீட், வேன் சீட், சோபா எல்லாவற்றுக்கும் மெத்தை வைத்து உறை தைப்போம். தறிக்காரர் வீட்டில் இருந்தது நிஜத் தோல் சோபா. மகன் சென்னையிலிருந்து லாரியில் அனுப்பியது. காப்பிப்பொடி நிறம். ஊரில் மற்றதெல்லாம் ரெக்சின். தோல் என்றால் அது ஒன்றுதான் என்று அவரே நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

ஹால் கூரைக்கு வெள்ளை அடிக்கத் தம்பியைக் கூப்பிட்டிருந்தார். தம்பி முதல் வேலையாக சோபாவைத் தூக்கி வெளியே போட்டுவிடலாம் என்றிருக்கிறான். வெயில் பட்டால் தோல் வெடிக்கும் என்று அவர் விடவில்லை. அப்படியானால் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுகிறேன் என்றிருக்கிறான். பிளாஸ்டிக் போட்டால் தோல் வேர்க்கும் என்று அதற்கும் விடவில்லை. "நம்ம தறியில நெய்தது இருக்கும்போது பிளாஸ்டிக் எதுக்குடே?" என்று உள்ளே போய்த் துணி எடுத்துவந்து தன் கையாலேயே போர்த்தினார். அவர் தறியில் நெய்கிற துணி வெயில்காலத்துக்கு நல்ல துணிதான், காற்றோட்டமாக இருக்கும். காற்று போகிற வழியில் பெயிண்ட் போகாதா? ஏணியில் நின்ற தம்பியின் கையிலிருந்த டப்பா லேசாகச் சரிந்து, ஒரு கை அளவு வெள்ளை சோபாவின் மேல் விழுந்தது. துணியைத் தூக்கினால் அடியில் தோலிலும் வெள்ளை.

ஒன்றுமே இல்லாத விஷயம். கூரைக்கு அடித்தது தண்ணீரில் கரைக்கிற பெயிண்ட். ஈரத்துணியை வைத்து அப்போதே ஒத்தியெடுத்திருந்தால் தடம்கூட இருந்திருக்காது. தம்பி ஏணியிலிருந்து குதித்து இறங்கி ஈரத்துணியை எடுத்துவிட்டான். அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாத. தேச்சா உள்ள இறங்கிரும்."

"இறங்காது அண்ணாச்சி, தண்ணி பெயிண்டுதான்."

"இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லலியே."

அதைக் காயவிட்டார். என் தம்பி கண்ணெதிரே, மின்விசிறியைப் போட்டுக் காயவிட்டார்.

மறுநாள் நான் போனேன். காய்ந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி ஷாம்பு கலந்து, துணியில் நனைத்துக் கறைமேல் போட்டு ஊறவைக்கவேண்டும். போகாத இடத்தில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைத்தால் இளகும். நகத்தின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நெம்பினால் தோல் உரியாமல் பெயிண்ட் மட்டும் வரும். தின்னர் பக்கமே போகக்கூடாது, தோலின் நிறத்தையும் சேர்த்து எடுத்துவிடும். இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மதினியிடம் காப்பி போடச் சொன்னார். காப்பி வந்தது, குடித்தேன், சோபாவைத் தொட விடவில்லை.

"உங்க தம்பிட்ட நான் என்ன காசா கேட்டேன்? பேசின கூலியை முழுசா குடுத்துட்டேன். இது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பிறகு கொடியிலிருந்து ஒரு வெள்ளைத்துண்டை எடுத்து நாலாக மடித்துக் கறையின் மேல் போட்டார்.

அந்தத் துண்டுதான் என் தம்பியின் பிழைப்பில் விழுந்தது. அவர் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கம் உட்காரப் போவார்கள். "அங்கன வேண்டாம், இங்கன உக்காருங்க" என்பார். ஏன் என்று கேட்காதவர்கள் உண்டா? துண்டைத் தூக்கிக் காட்டுவார். யார் என்று கேட்பார்கள். சொல்லுவார், தயங்கித் தயங்கி, மனசில்லாமல் சொல்லுகிறவர் மாதிரி. துணி போர்த்தியது யார் என்பதை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த தீபாவளிக்குள் தம்பிக்கு 'சோபா' என்று பெயர் வந்துவிட்டது. அவன் கூலி பேசப் போன வீட்டில் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று, "சோபாவுல ஊத்துன தம்பிதான?" என்று கேட்டுக்கொண்டார்கள். பொருளையெல்லாம் அகற்றிவிட்டுக் கூப்பிடுகிறோம் என்பார்கள், கூப்பிடமாட்டார்கள். பள்ளிக்கூடச் சுவரும் காம்பவுண்டும்தான் கிடைத்தன. வீட்டுக்குள் வேலை நின்றுபோனது.

தறிக்காரர் எனக்கு மட்டும் வேலை கொடுப்பதை நிறுத்தவில்லை. அவருடைய குணத்தில் மிகவும் மோசமானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். சாப்பாட்டு மேஜை நாற்காலிக்கெல்லாம் மெத்தை மாற்றவேண்டும் என்று ஒருநாள் கூப்பிட்டார். நான் அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது புது வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு பேங்க்காரர் வந்தார். நல்ல பெயிண்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார்.

"பெயிண்டரா? நல்ல பையன் ஒருத்தன் இருக்கான். இந்தா, இவுக தம்பிதான்" என்றார் என்னைக் காட்டி. எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் எழுந்துபோய்த் துண்டைத் தூக்கினார். "தொழில் சுத்தம்தான். என்ன, கை கொஞ்சம் நிக்காது. நான் ஒண்ணும் சொல்லலை."

நான் அளவு டேப்பைக் கீழே போட்டேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு இதைத் தொடைக்க விடுங்க. இல்லன்னா துண்டை எடுத்து எறிஞ்சிட்டுத் திறந்து போடுங்க. மூடி மூடித் திறந்து காட்டாதிய."

"ஏன் தம்பி கோவப்படுதிய? நான் என்ன சொல்லிட்டேன்?" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்ட முகம். பேங்க்காரர் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அடுக்களை வாசலில் மதினி காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து ஒரு எட்டுகூட முன்னால் வரவில்லை.

அன்றைக்கு அந்தக் கறையைக் கிட்டத்தில் பார்த்தபோது இது இன்னுமா இவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று ஒரு நினைப்பு ஓடியது. தண்ணீர் பெயிண்ட் தோலில் இவ்வளவு நாள் பிடித்து நிற்காது. ஆனால் எனக்கிருந்த ஆத்திரத்தில் அந்த நினைப்பு நிற்கவில்லை.

தம்பி கேரளாவில் புனலூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். அங்கே அவனை யாரும் சோபா என்று கூப்பிடுவதில்லை. ஊருக்குக் கோவில் திருவிழா ஆடித்தபசுக்கு வருவான், பொங்கலுக்கு வருவான், போய்விடுவான். அம்மா சாகும்போது அவன் வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அதையும் நான் அந்தத் துண்டின் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். நியாயமோ இல்லையோ, அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தறிக்காரர் போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்து மதினி போன் பண்ணினார். மகன் சென்னைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டும் போகாமல் அந்த வீட்டில் தனியாக இருந்தார்.

"தம்பி, அந்தச் சோபாவை அனுப்புதேன். அந்த வெள்ளையை மட்டும் எடுத்துத் தாங்க. அந்தப் பக்கம்தான் ஃபேன் காத்து வரும். ஒருநாள்கூட உக்காந்ததில்லை."

லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. துண்டும் அதன்மேலேயே இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு கலந்து துணியை நனைத்துக் கறைமேல் போட்டேன். நெடுநேரம் ஊறவைத்து எடுத்துப் பார்த்தால் ஒரு பொடிகூடக் கரையவில்லை. விரலால் தடவினேன். வழவழவென்று, கெட்டியாக, கிட்டத்தில் பார்த்தால் மஞ்சள் ஏறிக் கிடந்தது. தண்ணீர் பெயிண்ட் மஞ்சளாகாது, பளபளக்கவும் செய்யாது. இது ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற ஆயில் பெயிண்ட். தம்பி அந்த வீட்டில் ஆயில் பெயிண்ட் டப்பாவைத் தொடவே இல்லை.

மதினிக்குப் போன் போட்டேன்.

"மதினி, இது எங்க தம்பி சிந்துன பெயிண்டு இல்லையே. இது ஆயில் பெயிண்டுலா?"

மதினி மறைக்காமல் சொன்னார்.

"ஆமா தம்பி. அது அந்த ஐப்பசி மழையிலயே பொரிஞ்சு உதுந்து போச்சு. துண்டைத் தூக்கிப் பாத்தாக, ஒண்ணும் இல்லை. அன்னைக்கு அவுகளுக்குச் சோறு இறங்கலை. மறுநாளு ஜன்னலுக்கு அடிச்சு மிச்சம் கெடந்த டப்பாவைத் திறந்து, ஈக்குச்சியில தொட்டு அவுகளே வச்சாக."

"அப்பவே நீங்க ஏன் மதினி யார்ட்டயும் சொல்லலை?"

"எடுக்க வருமா தம்பி?" என்றார்.

எடுக்க வரும். ஆயில் பெயிண்ட் என்றால் கொஞ்சம் நாளாகும், எண்ணெயில் ஊறவைத்து ஊறவைத்துப் பொறுமையாக நெம்பவேண்டும். ஆனால் நான் எடுக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்துக் கையில் கிடைத்திருக்கிறது, எடுப்பேனா? சோபாவைக் கடை வாசலில், ரோட்டைப் பார்க்கப் போட்டேன். அதே துண்டை அதே மாதிரி மடித்து மேலே போட்டேன். சீட் தைக்க வருகிறவர்கள், எதிர்க்கடையில் டீ குடிக்கிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், யார் வந்தாலும் கூப்பிட்டேன்.

"இங்கன வாரும் வே. இதைத் தொட்டுப் பாரும். இது ஆயில் பெயிண்டு. எந்தம்பி அடிச்சது தண்ணி பெயிண்டு. யாரு வச்சிருப்பாங்கன்னு நீரே சொல்லும்."

எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். அட அப்படியா என்றார்கள், சிரித்தார்கள். மளிகைக்கடைக்காரர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். மதினி போன் பண்ணி ஆகிவிட்டதா என்று கேட்டால், எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது என்றேன். பல மாதங்கள் ஊறியது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் அவ்வளவு திருப்தியாக இருந்த காலம் வேறு கிடையாது.

ஆடித்தபசுக்குத் தம்பி வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குத்தான் வருவான். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பேசிக்கொண்டிருந்த ஆளை நிறுத்திவைத்துவிட்டுத் துண்டைத் தூக்கிக் காட்டினேன். நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டான். அந்த ஆள் போகட்டும் என்று காத்திருந்தான்.

"அண்ணே, இதுக்கு அந்த அண்ணாச்சியே தேவலை. அவரு வீட்டுக்குள்ள வச்சுக் காட்டுனாரு. நீ ரோட்டுல போட்டுக் காட்டுத."

"ஏலே, கூறுகெட்டவனே, அவரு உன் பேரைக் கெடுத்தாரு. நான் உன் பேரைக் காப்பாத்துதேன்."

"உன் கடைக்கு வாரவன்ல பாதிப் பேருக்கு என்னை யாருன்னே தெரியாது. இப்பதான் தெரிஞ்சிருக்கும், சோபாக்காரன்னு." பையை இறக்கினான். "தேங்கா எண்ணெய் இருக்கா?"

நான் தரமாட்டேன் என்றேன். அவன் எதிர்க்கடையில் போய் வாங்கி வந்தான். அது உனக்குச் சாட்சிலே, அதை அழித்துவிட்டால் நாளைக்கு யார் நம்புவார்கள் என்று கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கேட்டுக்கொண்டே கறைமேல் எண்ணெயை ஊற்றித் துணியால் மூடினான்.

"எனக்கு எதுக்குண்ணே சாட்சி? மதினிக்குல்லா உக்கார இடம் வேணும்."

அன்றைக்கும் மறுநாளும் அவன் தபசு பார்க்கக்கூடப் போகவில்லை. எண்ணெய் விடுவான், மூடுவான், காத்திருப்பான், நகத்தில் துணியைச் சுற்றி ஓரத்திலிருந்து நெம்புவான். கை நிற்காது என்று பெயர் வாங்கியவனுடைய கை. ஓரம் இளகி, தோலிலிருந்து விட்டு, கடைசியில் முழு வெள்ளையும் காய்ந்த பாலாடை மாதிரி எழுந்து வந்தது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெறும் துணியால் ஒத்தி நிழலில் காயவிட்டான். தேடிப் பார்த்தேன். ஒரு தடமும் இல்லை. எனக்கு வந்த எரிச்சலில் அவனோடு இரண்டு வேளை பேசவில்லை.

லோடு ஆட்டோ பிடித்து நாங்களே கொண்டுபோனோம். மதினி பழைய இடத்திலேயே போடச் சொன்னார். போட்டதும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"ஹாலு ரொம்ப அழுக்காக் கெடக்கு தம்பி. ஊருக்குப் போறதுக்கு முன்ன வெள்ளை அடிச்சுத் தாரியளா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. கூரையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அடிச்சிரலாம் மதினி. ஆனா மொதல்ல இந்தச் சோபாவைத் தூக்கி வெளிய போடணும்."

"அன்னைக்கும் அதைத்தான சொன்னிய" என்றார் மதினி. "வெளிய போடுவோம்னிய. பிளாஸ்டிக் போட்டு மூடுதேன்னிய. அடுப்படியில இருந்து எல்லாம் எனக்குக் கேட்டுச்சு."

முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"நாந்தான் ஒண்ணும் சொல்லலை."

மதினி எழுந்து நின்றதும் தம்பி குனிந்து சோபாவின் ஒரு முனையைப் பிடித்தான். இன்னொரு முனையைப் பிடிக்கச் சொல்லி எனக்குச் சைகை காட்டினான்.